பாடு ஊருடையது, விலை யாருடையது?

"சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து விற்றால் நல்ல விலை கிடைக்கும்." வேளாண்மை பற்றிய எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இந்த வாக்கியம் காதில் விழும். தமிழக அரசு 2017-18ல் கொண்டுவந்த கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் இதற்கு ஒரு கணக்கே உண்டு. 20 சிறு, குறு விவசாயிகள் சேர்ந்தால் ஓர் உழவர் ஆர்வலர் குழு. அப்படி ஐந்து குழுக்கள் சேர்ந்து 100 பேரானால் ஓர் உழவர் உற்பத்தியாளர் குழு. அந்தக் குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி. 2020ல் மத்திய அரசு நாடு முழுக்க 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு வந்த மீன்வளத் திட்டத்தில் மீனவர்களுக்கும் இதே மாதிரி அமைப்புகள் சேர்க்கப்பட்டன.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் ரொம்ப நாளா உண்டு. குழு இல்லாததுதான் பிரச்சினை என்றால், தலைமுறை தலைமுறையாகக் குழுவாகவே தொழில் செய்கிற ஊர்களில் விலைப் பிரச்சினை இருக்கக் கூடாது, இல்லையா? அப்படிப்பட்ட ஊர்கள் இருக்கின்றன. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் தொடங்கி, காட்டுப்பள்ளியைத் தாண்டி, பழவேற்காடு ஏரி வரைக்கும் போகிற மீனவக் குப்பங்கள். யார் எந்தத் தண்ணீரில், எந்த நாளில் வலை போடலாம் என்பதைக்கூட ஊர் கூடி முடிவு செய்கிற ஊர்கள் அவை. ஆனால் பிடித்த இறாலுக்கு விலை சொல்வது அந்த ஊர் அல்ல.

ஏன் அப்படி? இதைத் தேடிப் படிக்கப் போனபோது பழவேற்காட்டிலேயே 400 ஆண்டுக் கதை ஒன்று கிடைத்தது. அதற்குப் பதில் சொல்லும் இன்னொரு கதை கன்னியாகுமரிப் பக்கம் இருக்கிறது. இரண்டையும் இந்தப் பதிவில் சேர்த்து வைக்கிறேன்.

பாடு என்றால் என்ன?

பழவேற்காடு இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. முதலாவது ஒடிசாவின் சிலிகா. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், தென்முனை தமிழ்நாட்டில். வடக்கே கலங்கியும் சுவர்ணமுகியும், தெற்கே ஆரணியாறும் நன்னீர் கொண்டுவர, முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்கும். இந்த இரண்டு நீரும் கலக்கும் இடத்தில்தான் இறால் வளரும். வளர்ந்த இறால், நீர் வற்றும் நேரத்தில் கடலை நோக்கிப் போகும். அதன் வழியில் வலை கட்டி வைத்தால் போதும், தானாக வந்து விழும்.

ஆகவே ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில் அள்ளலாம். வேறு இடங்களில் விடிய விடிய உட்கார்ந்தாலும் ஒரு கூடை தேறாது. நல்ல இடத்துக்கு எல்லோரும் ஓடினால் சண்டைதான். இதற்கு ஊர் கண்ட தீர்வுதான் பாடு. மீன்பிடி இடங்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. எந்த அணிக்கு எந்த இடம் என்பது சீட்டுப் போட்டு முடிவாகும். பிறகு முறைவைத்து மாறிக்கொண்டே இருக்கும். இன்று உனக்கு நல்ல இடம், நாளை எனக்கு. கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில் இது எழுதாத சட்டம். தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தை நம்பியிருக்கும் குப்பங்களிலும் பாடு உண்டு.

இந்த முறை பழவேற்காட்டுக்கு மட்டும் உரியது அல்ல. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் வலை கட்டுபவர்களிடமும் இதே மாதிரி சீட்டும் முறைமாற்றமும் உண்டு. துருக்கியின் அலன்யா ஊர் மீனவர்கள் 1970களில் தாங்களாகவே உருவாக்கிய முறையும் ஏறக்குறைய இதுதான்: பட்டியல், சீட்டு, தினமும் அடுத்த இடத்துக்கு நகர்தல். 2009ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், பொதுவளத்தை மக்களே நிர்வகிக்க முடியும் என்பதற்குக் காட்டிய உதாரணங்களில் அலன்யாவும் ஒன்று. நம்ம ஊர் பாடும் அந்த வரிசையில் கூச்சமில்லாமல் நிற்கும்.

ஆனால் பாடு பங்கிடுவது தண்ணீரை. வலையிலிருந்து இறால் கரைக்கு வந்த அந்த நிமிஷமே பாட்டின் வேலை முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு மீனவரும் தனி ஆள்.

வட்டியே இல்லாத கடன்

அந்தத் தனி ஆள் எதிர்கொள்வது முன்பணம் கொடுத்த வியாபாரியை. கடற்கரை நெடுக இருக்கிற ஏற்பாடுதான் இது. வலைக்கு, படகுக்கு, எஞ்சினுக்கு, மகள் கல்யாணத்துக்கு வியாபாரி பணம் கொடுப்பார். வட்டி கேட்க மாட்டார். ஒரே நிபந்தனை, பிடித்ததை அவருக்குத்தான் போட வேண்டும், அல்லது அவர் ஏலம் விட்டுக் கமிஷன் எடுத்துக்கொள்வார்.

வட்டி இல்லையே, நல்ல மனுஷன்தானே என்று தோன்றும். பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். வெளியே கிலோ 300 ரூபாய் போகிற இறாலை முன்பணக்காரர் 270க்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 10 கிலோ போட்டால் 300 ரூபாய் இழப்பு. வருஷத்தில் 100 நாள் தொழில் நடந்தாலே 30,000 ரூபாய். வாங்கிய முன்பணம் 20,000தான். ஒரே வருஷத்தில் அசலைவிட அதிகம் கொடுத்தாச்சு. ஆனாலும் அசல் அப்படியே நிற்கிறது! அதை அடைத்துவிட வேண்டும் என்று வியாபாரிக்கும் அவசரம் இல்லை. அடைத்துவிட்டால் இறால் வேறு கைக்குப் போய்விடுமே.

வியாபாரியை வில்லனாக்குவது என் நோக்கம் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கேட்டால் எடுத்துக் கொடுப்பது அவர்தான். வங்கி கொடுக்காது. மீன்பாடு இல்லாத மாதங்களில் நெருக்காமல் காத்திருப்பவரும் அவர்தான். அதனால்தான் இந்த ஏற்பாடு இத்தனை காலம் நிற்கிறது. கடனும் விற்பனையும் ஒரே முடிச்சில் இருக்கின்றன என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சக் கதை முழுக்க இந்த முடிச்சைப் பற்றியதுதான்.

1960களுக்குப் பிறகு உறைய வைத்த இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை திறந்தது. இறாலின் மதிப்பு ஏறியது, அதோடு சேர்ந்து பாட்டின் மதிப்பும் ஏறியது. யாருக்குப் பாட்டில் இடம் உண்டு என்பது வாழ்வா சாவா கேள்வியானது. ஆனால் முடிச்சு அப்படியே இருந்தது.

வாங்குபவர் கட்டிய சங்கம்

இந்த முடிச்சு பழவேற்காட்டுக்குப் புதியதும் அல்ல. இங்கே முதலில் முன்பணத்தில் சிக்கியவர்கள் மீனவர்கள் அல்ல, நெசவாளர்கள்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610ல் பழவேற்காட்டில் வியாபாரத்துக்கு அனுமதி பெற்றது. 1613ல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைநகரம் இதுதான். அவர்களுக்கு இங்கிருந்து வேண்டியது துணி. இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கத் தங்கம் வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணி நன்றாகச் செல்லும். கம்பெனி உள்ளூர் வணிகர்களிடம் முன்பணம் கொடுக்கும், வணிகர்கள் தறிகாரர்களிடம் கொடுப்பார்கள், துணி அதே வழியில் திரும்பி வரும்.

இதில் கம்பெனிக்கு இரண்டு தலைவலி. வணிகர்கள் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டுத் துணி வாங்கினால் விலை ஏறும். ஒரு வணிகர் நொடித்துப்போனால் முன்பணம் போச்சு. இரண்டுக்கும் மருந்தாக, 17ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் டச்சுக்காரர்கள் வணிகர்களைக் கூட்டுப் பங்குச் சங்கங்களாகச் சேர்த்தார்கள். ஒவ்வொருவரும் பங்குத்தொகை போட வேண்டும், சேர்ந்தே ஒப்பந்தம் எடுக்க வேண்டும், ஒருவர் பாக்கிக்கு மற்றவர்களும் பொறுப்பு. பழவேற்காட்டைச் சுற்றித்தான் இது ஆரம்பமானது. பிறகு ஆங்கிலேயரும் இதைப் பார்த்துச் செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம் சோழமண்டல வணிகர்கள் பற்றி எழுதியவற்றில் இந்தச் சங்கங்களைப் பற்றி விரிவாகப் படிக்கலாம்.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம். குழு, பங்குத்தொகை, கூட்டு விற்பனை, கூட்டுப் பொறுப்பு என்று இன்றைய உற்பத்தியாளர் அமைப்பின் கையேட்டில் உள்ள அத்தனையும் 350 ஆண்டுக்கு முன்பே இங்கே இருந்திருக்கிறது. ஆனால் அதைக் கட்டியவர் வாங்குபவர். நோக்கம் விலையைப் பிடித்து வைப்பது. தறியில் உட்கார்ந்தவருக்கு இந்தச் சங்கத்தில் இடமே இல்லை. முன்பு இரண்டு மூன்று வணிகரிடம் பேரம் பேச முடிந்த நெசவாளருக்கு, அவர்கள் ஒன்றாகிவிட்ட பிறகு போக்கிடம் குறைந்தது.

குழு என்ற சொல் தன்னளவில் யார் பக்கமும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

திரூரும் நிக்கல்சனும்

பழவேற்காட்டிலிருந்து தென்மேற்கே, அதே திருவள்ளூர் மாவட்டத்தில் திரூர் என்று ஓர் ஊர். நம்ம ஆட்கள் நிறையப் பேருக்குத் தெரியாது, இந்தியாவின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904ல் பதிவானது அங்கேதான்.

அதற்குப் பின்னால் இருந்தவர் பிரெடரிக் நிக்கல்சன் என்ற சென்னை மாகாண அதிகாரி. விவசாயிகளின் கடன் சுமைக்கு வழி தேடச்சொல்லி அரசு 1892ல் அவரை நியமித்தது. ஐரோப்பாவின் கிராம வங்கிகளை ஆராய்ந்து 1895லும் 1897லும் இரண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்கள்தான் அவருக்கு முன்மாதிரி. "ரைபைசனைக் கண்டுபிடியுங்கள்" என்பதுதான் அறிக்கையின் சாரம் என்று சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரனின் நாணயம் பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் தெரியும். ஆகவே ஊருக்குள்ளேயே சின்னச் சங்கம், உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பு. இந்த யோசனை 1904ன் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தில் போய் முடிந்தது.

ஆனால் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே அதன் எல்லை இருக்கிறது, பாருங்கள். அது கடன் சங்கங்களுக்கான சட்டம். விளைந்ததைச் சேர்ந்து விற்பதற்கான சங்கங்களுக்கு அதில் இடமில்லை. அதற்கு 1912ல் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது. சட்டம் வந்தபிறகும் கடன் ஒரு கட்டடம், விற்பனை வேறு கட்டடம் என்ற பிரிவு பெரும்பாலும் தொடர்ந்தது. வியாபாரி இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டிருக்க, அதை அவிழ்க்க வந்தவர்கள் ஒரு நுனியை மட்டும் இழுத்தார்கள். சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி, அறுவடையில் பழைய வியாபாரிக்கே நெல்லைப் போட்ட குடும்பங்களின் கதை நம்மில் பலருக்கு வீட்டிலேயே தெரியும்.

நிக்கல்சன் ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. 1905ல் சென்னை மாகாண மீன்வளத்தை ஆராயும் வேலையை ஏற்றார். பிறகு உருவான மீன்வளத் துறையைக் கௌரவ இயக்குநராக நடத்தினார். விவசாயக் கடனில் தொடங்கிய மனிதர் மீனவரிடம் வந்து சேர்ந்தது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. கடன் அங்கேயும் அதே கடன்தான். சரக்கு மட்டும் சில மணி நேரத்தில் அழுகும்.

இந்த அழுகல் விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நெல்லை விலை ஏறும்வரை வைத்திருக்கலாம். மீனை ஐஸ் இல்லாமல் மதியம்வரை வைக்க முடியாது. கரையில் யார் முதலில் விலை சொல்கிறாரோ அவர் சொன்னதுதான் விலை. ஆக, மீனவருக்குக் கூட்டு விற்பனை என்றால் முதல் விற்பனை. அடுத்த சந்தை, அதற்கடுத்த சந்தை எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கரையிலேயே ஏலம்: மரியநாடும் முட்டமும்

முடிச்சின் இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்தவர்கள் தெற்கே இருக்கிறார்கள். திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாடு என்ற ஊர். 1960களில் லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் முயற்சியில், வீடில்லாத மீனவக் குடும்பங்களைக் குடியமர்த்தி உருவான புதிய ஊர். அங்கே சமூகப் பணியாளர்கள் தங்கி மீனவரோடு சில ஆண்டுகள் பேசிப் பேசிக் கட்டிய கூட்டுறவுச் சங்கம் 1970ல் பதிவானது. 1970களில் அங்கே பணிபுரிந்து, பின்னால் மீன்வளப் பொருளாதார ஆய்வாளராகப் பெயர் பெற்றவர் ஜான் குரியன். அவர் எழுத்துகள் வழியாகத்தான் இந்தக் கதை வெளியுலகுக்கு நன்றாகத் தெரியவந்தது.

மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் கேரளத்தில் அதற்கு முன்பும் ஏராளம் இருந்தன. பலவும் காகிதத்தில். அரசு கொடுக்கும் வலையையும் மானியத்தையும் வாங்க, வியாபாரிகளே பினாமி பெயர்களில் சங்கம் நடத்திய கதைகள் உண்டு. மரியநாட்டுக்காரர்கள் வேறு மாதிரி செய்தது மூன்று விஷயம்.

முதலாவது, உறுப்பினர் ஆக வேண்டுமானால் கடலுக்குப் போகிறவராக இருக்க வேண்டும். வியாபாரிக்கும் வட்டிக்காரருக்கும் இடமில்லை.

இரண்டாவது, கரையில் மீன் வந்ததும் ஏலம் விடுவது சங்கத்தின் ஆள். வாங்க யார் வேண்டுமானாலும் வரலாம். பழைய வியாபாரியும் வரலாம், பணத்தோடு வந்து மற்றவர்களோடு கூடி ஏலம் கேட்கலாம். சரக்குக்குப் பணம் வசூலிப்பதும் மீனவர் கணக்கில் சேர்ப்பதும் சங்கத்தின் பொறுப்பு. வாங்கியவர் இழுத்தடித்தால் அது சங்கத்தின் கவலை, மீனவரின் கவலை அல்ல.

மூன்றாவதுதான் முக்கியம். சங்கம் வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, வியாபாரியிடம் இருந்த பழைய முன்பணத்திலிருந்து மீனவரை விடுவித்தது. அந்தக் கடனை மாதத் தவணையாகக் கட்டச் சொல்லவில்லை. தினசரி விற்பனையில் ஒரு சதவீதம் பிடித்துக்கொண்டார்கள். நிறையப் பட்டால் நிறையக் கட்டு, ஒன்றும் படவில்லையா, அன்றைக்கு ஒன்றும் கட்ட வேண்டாம். அதே விற்பனையிலிருந்து சிறு பகுதி சேமிப்பாகவும் போனது. வியாபாரியின் முன்பணத்தில் மீனவருக்குப் பிடித்திருந்த குணம் எதுவோ அதை அப்படியே எடுத்துக்கொண்டு, விலையைக் கட்டிப்போடும் நிபந்தனையை மட்டும் கழற்றிவிட்டார்கள்.

இந்தச் சங்கம் வங்கிக்குக் கடனை எப்படித் திருப்பிக் கட்ட முடிந்தது என்பதும் இதிலேயே இருக்கிறது. ஏலம் சங்கத்தின் கையில் இருப்பதால் வசூலுக்கு யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. விற்பனை இல்லாத கடன் சங்கத்துக்கு இந்த வசதி கிடையாது. கடன் இல்லாத விற்பனைச் சங்கத்துக்கோ மீன் வராது, ஏனென்றால் உறுப்பினரின் மீன் ஏற்கெனவே முன்பணக்காரருக்கு விற்றாகிவிட்டது.

இந்த மாதிரி அப்படியே தெற்கே நகர்ந்தது. கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊர்களில் கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவை அமைப்பு வழியாக ஊர்ச் சங்கங்கள் வளர்ந்தன. 1980ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, சுருக்கமாக சிஃப்ஸ், திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. ஊரில் சங்கம், மாவட்டத்தில் இணையம், மேலே கூட்டமைப்பு என்று மூன்று அடுக்கு. முட்டத்தில் பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே முன்னின்று உருவாக்கிய படகு கட்டும் கூடம் பிளைவுட் படகுகளைக் கொண்டுவந்தது. கட்டுமரத்துக்கான பெருமரங்கள் அரிதாகி விலை ஏறிய காலம் அது. அவுட்போர்டு எஞ்சின், பழுது பார்ப்பு, ஐஸ் என்று கூட்டமைப்பு விரிந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம், காரைக்கால் பக்கமும் சங்கங்கள் தொடங்கப்பட்டன.

பாலில் நடந்ததும் இதேதான். குஜராத்தின் கெடா மாவட்டப் பால் சங்கம், பின்னாளின் அமுல், 1946ல் பதிவானது. அதன் பலம் தொழிற்சாலையில் தொடங்கவில்லை. ஊரில் காலையும் மாலையும் பாலை அளந்து, அந்த முதல் வாங்கலைச் சங்கமே செய்ததில் தொடங்கியது. பாலும் மீனைப் போலக் காத்திருக்காது.

யார் உள்ளே, யார் வெளியே

இத்தோடு நிறுத்தினால் கதை அழகாக முடிந்துவிடும். ஆனால் எந்தக் குழுவுக்கும் ஒரு வாசல் உண்டு, வாசல் என்றால் வெளியே நிற்பவர்களும் உண்டு.

பாட்டில் இடம் பெற ஊரின் தலைக்கட்டுக் கணக்கில் பெயர் இருக்க வேண்டும். மரபுப்படி பட்டினவர் சமூகத்து மணமான ஆணுக்குத்தான் அந்தப் பெயர். ஏரியை நம்பி வாழும் தலித் மீனவர்களுக்கும், வலையே இல்லாமல் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் நல்ல இடங்களில் பங்கில்லை. இறாலுக்கு ஏற்றுமதி விலை வந்த பிறகு, எங்களுக்கும் பாடு வேண்டும் என்று கேட்டவர்களுக்கும் மரபுக்காரர்களுக்கும் மோதல்கள் நடந்தன. உள்ளே இருப்பவர்களுக்கு இத்தனை நியாயமாக இருக்கும் முறை, வெளியே இருப்பவர்களுக்குச் சுவர். சாரா கௌல்தார்டு என்ற ஆய்வாளர் 2008ல் வெளியிட்ட பழவேற்காடு பற்றிய கட்டுரையில் இன்னொரு கோணத்தையும் காட்டுகிறார்: ஏரி நலிந்துவரும் காலத்தில் பாட்டில் இடம் உள்ளவர்கள்தான் வேறு மாதிரித் தொழிலுக்கு மாறத் தயங்கினார்கள். உரிமையே காலைக் கட்டுகிறது.

தெற்கத்திச் சங்கங்களின் வாசலும் பார்க்க வேண்டியதுதான். கடலுக்குப் போகிறவர்தான் உறுப்பினர் என்ற விதி வியாபாரியை வெளியே நிறுத்தியது. அதே விதி, கூடை சுமந்து ஊர் ஊராக மீன் விற்கும் பெண்களையும் வெளியே நிறுத்திவிட்டது. ஏலத்தில் பெரிய வியாபாரியோடு போட்டி போட்டு வாங்க வேண்டியவர்களில் அதே மீனவரின் மனைவியும் அம்மாவும்கூட இருந்தார்கள். பிற்காலத்தில் பெண்களுக்கெனத் தனிக் குழுக்களும் கடன் திட்டங்களும் வந்தன. முதல் வரைபடத்தில் அவர்கள் இல்லை என்பது மாறாது.

காட்டுப்பள்ளியில் இன்று

இப்போது வடக்கே திரும்புவோம். காட்டுப்பள்ளி ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் என்று நீருக்கு நடுவே நீண்டு கிடக்கும் மணல்மேடு. தெற்கே எண்ணூர் அனல்மின் நிலையங்களும் காமராஜர் துறைமுகமும். 2013ல் காட்டுப்பள்ளியிலேயே எல் அண்டு டி கட்டிய துறைமுகம் செயல்படத் தொடங்கியது. அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பமே இடம் மாற வேண்டியிருந்தது. 2018ல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. பிறகு 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டம் வந்தது. 2021 ஜனவரியில் நடக்கவிருந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது, 2023 செப்டம்பரிலும் அதே. கடற்கரை அரிக்கும், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தடுப்பு போய்விடும் என்பது மீனவர்களின் பயம்.

இந்த ஊர்களுக்குப் போய் நூறு பேரைச் சேருங்கள், குழு பதிவு செய்யுங்கள், ஐஸ் பெட்டி தருகிறோம் என்று சொன்னால் என்ன நடக்கும்? பதிவு நடக்கும். ஐஸ் பெட்டியும் வரும். கரையில் ஏலம் யார் கையில் என்பது மாறாது. நூறு பேரில் எத்தனை பேருடைய இறால் ஏற்கெனவே முன்பணத்தில் போய்விட்டது என்று யாரும் கேட்கப் போவதில்லை. கையால் இறால் தடவும் இருளர் பெண் அந்த நூறில் இருப்பாரா என்பதும் சந்தேகம்.

அதே நேரத்தில் பாட்டை நான் முன்பு குறைத்துப் பேசிவிட்டேனோ என்று யாரும் நினைக்க வேண்டாம். விலையைத் தொடாத அந்தப் பழைய முறையிடம், புதிய குழுக்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. இன்ன இடத்துத் தண்ணீர் இன்னாருக்கு, இன்ன நாளில் என்று தலைமுறைகளாகப் பேசி வைத்த கணக்கு அது. துறைமுக வரைபடத்தில் வெறும் நீலமாகத் தெரியும் இடத்துக்குப் பெயரும் முறையும் உண்டு என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதுதான். தண்ணீர் போய்விட்டால் விலையைப் பற்றிப் பேச ஒன்றுமே மிஞ்சாது.

ஆகவே ஒரு குழுவைப் பற்றிக் கேள்விப்படும்போது எத்தனை பேர் என்பதை நான் கடைசியாகத்தான் கேட்பேன். முதலில், சரக்கு கரைக்கோ களத்துக்கோ வந்ததும் விலை சொல்வது யார்? அடுத்து, அவசரத்துக்குப் பணம் கொடுப்பது யார்? மூன்றாவது, பெயர்ப் பட்டியல் யார் கையில்? மூன்றுக்கும் "நாங்கதான்" என்று உறுப்பினர்கள் பதில் சொன்னால் அது குழு. முதல் இரண்டுக்கும் வியாபாரியின் பெயர் வந்தால், டச்சுக்காரர் கட்டிய சங்கத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பட்டியல் மட்டும் வேறு அலுவலகத்தில் இருக்கும், அவ்வளவுதான்.